ஸ்கேனுக்காகத் தேய்த்துக் கழுவிய குதிகால்

நர்வன் மரம் ஏறும்போது கீழே நிற்கிறவர்களுக்கு அவன் முகம் தெரியாது. குதிகால்கள்தான் தெரியும். தென்னையில் வெட்டிய படிகளில் விரல்கள் பதியும், குதிகால் இரண்டும் வெளியே காற்றில் நிற்கும், பின்னங்கால் நரம்பு விறைத்து மேலே ஓடும். மொத்த உடம்பையும் அந்த நரம்புதான் தாங்குகிறது. என் தங்கை துர்சினியை அவனுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்தக் குதிகால்களைப் பார்த்துவருகிறேன். அவன் முகத்தைவிட எனக்கு அவைதான் பழக்கம்.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்பீர்கள். என் புருஷன் தொஹிரினும் பாளை சீவினவன்தான். எங்கள் பன்யுமாஸ் பக்கத்தில் மரம் ஏறுகிறவனின் இடுப்பில் மூங்கில் குழாய்கள் தொங்கும். அவன் அசையும்போதெல்லாம் ஒன்றோடொன்று முட்டி டொக்கு டொக்கென்று சத்தம் வரும். அடுப்படியில் பதநீர் காய்ச்சுகிற பெண்களுக்குக் கை வாணலியில் இருக்கும், காது அந்தச் சத்தத்தில் இருக்கும். மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் தொஹிரினின் குழாய்ச் சத்தம் நின்றது. அப்புறம் வேறொரு சத்தம் வந்தது. அதைப் பற்றி நான் பேசுவதில்லை. அடுத்த மாதமே தங்கை வீட்டோடு வந்துவிட்டேன். அவள் அடுப்படியிலும் என் காது மரத்தில்தான் இருக்கும்.

நர்வன் நல்லவன். அவனிடம் இருக்கிற பெரிய கஷ்டமே அதுதான். 'மாட்டேன்' என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. மசூதியில் பெரியவர் சொன்னாலும் 'சரிங்க', வழிப்போக்கன் சொன்னாலும் 'சரிங்க'. எங்கள் ஊரில் 'சரிங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். செய்வேன் என்று யார் சொன்னார்கள்? பெரிய மனிதர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைச்சல். மரியாதை மரியாதை என்றே எங்களில் பாதிப் பேர் மண்ணுக்குப் போகிறோம்.

வலி முதலில் அவன் முதுகில் வந்தது. நல்ல வயசிலேயே விடியற்காலையில் பலகை மாதிரி விறைத்துக் கிடப்பான். எழுந்து நாலு வேலை பார்த்தால் இளகிவிடும். சோம்பேறி முதுகு என்று நானே கேலி செய்திருக்கிறேன். பிறகு அது குதிகாலுக்கு இறங்கியது. காலைத் தரையில் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடிப்பான். நரம்பு எலும்பில் போய் ஒட்டுகிற இடம் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருக்கும். தொட்டால் சுடும்.

"யூரிக் ஆசிட்டுதான்" என்றது ஊர். எங்கள் ஊரில் முட்டி வலித்தாலும் யூரிக் ஆசிட், கழுத்து பிடித்தாலும் யூரிக் ஆசிட். மெலிஞ்சோ கொட்டை அப்பளத்தை விடு, கீரையை விடு, கடலையை விடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரிங்க என்று எல்லாவற்றையும் விட்டான். வலி மட்டும் அவனை விடவில்லை.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பொடி வந்தது. சந்தைக்கு மோட்டார் பைக்கில் வருகிற ஒருவன் விற்றான். வெள்ளி நிறப் பொட்டலம், மேலே வெள்ளை எருமைப் படம். வேரும் இலையும் மட்டுமே, மருந்து எதுவும் கலக்கவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வெந்நீரில் கலக்கிக் குடித்தான். மறுநாள் காலை பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"எருமை முட்டித் தள்ளிடுச்சு அக்கா வலிய!" என்று முற்றத்தில் குதித்துக் காட்டினான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் போகப் போக அவன் கன்னம் உப்பியது. முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டது, கையும் காலும் மட்டும் குச்சியாகவே இருந்தன. கதவில் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போனது. குளத்தடியில் பெண்கள் துர்சினியைச் சீண்டினார்கள். "புருஷனுக்கு என்னடி ஊட்டுற? மூஞ்சி பௌர்ணமியாட்டம் இருக்கு, எங்களுக்கும் சொல்லேன்!" அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள், பைத்தியக்காரி.

நான் நேரடியாகவே கேட்டேன். "நேத்து நொண்டினவன் இன்னிக்கு ஓடுறான்னா அது வேரும் இலையும் செய்யற வேலையா தம்பி? தூக்கி அடுப்புல போடு அதை."

"சரிங்க அக்கா" என்றான்.

கொஞ்ச நாள் கழித்து, பொடியை விட்டுவிட்டேன் என்று அவனே வந்து சொன்னான். நம்பினேன். முகம் அப்படியே இருந்தது. உடம்பு வாகு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அவன் வலது கண் மிளகாய் பட்டதுபோலச் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனது. சுகாதார நிலையத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கண் டாக்டர் அவனை மூட்டு டாக்டரிடம் தள்ளினார். துர்சினி வரமுடியாது, பதநீர் காத்திருக்காது, உடனே காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். அதனால் நான்தான் கூடப் போனேன். டாக்டர் பெயர் ஹெஸ்தி. என் மகளாக இருந்திருக்கலாம், அவ்வளவு சின்ன வயசு. அவன் முதுகைக் குனியச் சொல்லிப் பார்த்தாள், குதிகாலை அழுத்திப் பார்த்தாள், முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யூரிக் ஆசிட் இல்ல நர்வன் ஐயா. கண்ணு, முதுகு, குதிங்கால் எல்லாம் ஒரே நோய்தான். உடம்பே தன்னோட இடத்துக்குத் தானே தீ வச்சுக்குது" என்றாள். "நரம்பு எலும்புல ஒட்டுற இடத்த இது கடிக்கும். அங்க ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். நெருப்பு இருந்தா திரையில சிவப்பா மினுக்கும். மினுக்கினா ஊசி மருந்து ஆரம்பிப்பேன். அடங்குற வரைக்கும் மரம் ஏறவே கூடாது. பலமில்லாத நரம்பு ஏறும்போது அறுந்துடலாம்."

"சரிங்க டாக்டரம்மா."

"ஸ்கேனுக்கு முன்னாடி வலி மாத்திரை எதுவும் போட வேண்டாம். கால் எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வாங்க."

"சரிங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தென்னைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். "ஏறாம எப்படி அக்கா? சீவாம விட்டா பாளை அடைச்சுக்கும். மரமே நம்மள மறந்துடும்" என்றான்.

"மரம் மறக்கட்டும். என் தங்கச்சிக்கு நீ வேணும்" என்றேன்.

ஸ்கேன் நாள் வந்தது. டாக்டர் சொன்னதையும் மீறி விடியும்போதே மரங்களுக்குப் போய் இறக்க வேண்டியதை இறக்கிவிட்டு வந்தான். கிணற்றடியில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்தான். முதலில் தேங்காய் நார், பிறகு கல், பிறகு சோப்பு. வெடிப்பில் இருந்த கறை போக எலுமிச்சை. கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவி மினுமினுவென்று வைத்தான்.

"என்ன, உன் குதிங்காலப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றேன்.

"படிச்ச புள்ள தொட்டுப் பாக்கப்போகுதுக்கா. அசிங்கமா காட்ட முடியுமா?"

எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் ஓட்டைப் பாயைச் சுருட்டி மறைத்துவிட்டு, நல்ல பாயைக் கடன் வாங்கி விரிப்போம். வந்தவர் நல்ல பாயைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன குறை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அன்று காலை நர்வன் நடக்கும்போது நொண்டவே இல்லை. அதை நான் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேன் அறை இருட்டாக, குளிராக இருந்தது. அவனைக் குப்புறப் படுக்க வைத்து, பாதங்களைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார்கள். மரத்தில் நிற்கிற மாதிரியே குதிகால் இரண்டும் காற்றில் நின்றன. ஹெஸ்தி பசையைத் தடவி, கருவியை வைத்து மெல்ல நகர்த்தினாள். திரையில் வெள்ளையாக எலும்பின் ஓரம் தெரிந்தது, அதன்மேல் நார் நாராக நரம்பு. எலும்பு ஓரம் கரையான் அரித்ததுபோல இருந்தது. அவள் ஏதோ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தாள். நானும் சிவப்பு வருகிறதா என்று பார்த்தேன்.

வரவில்லை. அவள் கருவியைச் சாய்த்துப் பார்த்தாள், இன்னொரு காலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். எங்கும் சிவப்பு இல்லை.

"இப்ப வலி இருக்கா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"காலைல எழுந்தப்ப?"

"இல்லீங்க."

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா? ஜாமு, நாட்டு மருந்து ஏதாவது?"

"மாத்திரை இல்லீங்க. ஜாமு… மஞ்சளும் புளியும் கரைச்சு வீட்டுல குடிப்போம். எல்லாரும் குடிக்கிறதுதானே."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஆச்சரியமா இருக்கு. அரிச்ச தடம் இருக்கு, ஆனா நெருப்பு இல்ல" என்றாள். பிறகு திரையில் விரலை வைத்தாள். நார்களுக்கு நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. "இது என்னன்னு சொல்ல முடியல. பழைய தழும்பா இருக்கலாம். பெரிய ஸ்கேனுக்கு எழுதித் தரேன், வரிசை வர நாளாகும். நெருப்பு இல்லாததால இப்ப ஊசி வேண்டாம். ஆனா ஜாக்கிரதை. கொஞ்சம் வலிச்சாலும் ஏறாதீங்க, உடனே வாங்க."

"சரிங்க டாக்டரம்மா" என்று அவன் எழுந்து, இரண்டு கையாலும் அவள் கையைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

பஸ் நிலையத்தில் மெலிஞ்சோ அப்பளம் ஒரு பை வாங்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு கருக்கு மொருக்கென்று தின்றான். அந்தக் கறுப்புக் கோடு என் கண்ணை விட்டுப் போகவில்லை. சொன்னால், "டாக்டரம்மாவே நெருப்பு இல்லன்னுட்டாங்க, நீங்க ஏன் அக்கா ஊதி ஊதிப் பத்தவைக்கறீங்க?" என்று சிரித்தான். மறுநாள் விடியும்போது மரத்தில் இருந்தான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், வாணலி அடுப்பில் சாம்பல் வாரிக்கொண்டிருந்தேன். கரியோடு கரியாக ஏதோ மின்னியது. இழுத்துப் பார்த்தால் பாதி எரிந்த வெள்ளித் தாள். தாளில் எருமையின் கொம்பு மட்டும் மிச்சம் இருந்தது. இன்னும் கிளறினேன். அடியில் அது மாதிரி எத்தனையோ.

"துர்சினி!" என்று கத்தினேன். அவள் கரண்டியோடு வந்தாள். நான் நீட்டியதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரியாம மறைச்சு மறைச்சு எரிக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

"நீங்க திட்டுவீங்கன்னுதான் அக்கா… அது இல்லாட்டி அவர் எழுந்திரிக்கவே மாட்டேங்குறார். மருந்து இல்லையே, வேரும் இலையும்தானே?"

"ஸ்கேன் அன்னிக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "அன்னிக்கு ரெட்டிப்பா குடிச்சார். டாக்டரம்மா பாக்கும்போது கால் நல்லபடியா இருக்கணும், பெரிய இடத்துல போய் மானம் போகக் கூடாதுன்னு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவள்மேலேயே வீசியிருப்பேன். அறிவுகெட்ட ஜென்மங்களா! ஓட்டைப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடன் பாயை விரித்திருக்கிறான், அதுவும் தன் காலுக்குள்ளேயே. அவன் பக்கத்து ஊருக்குக் குழாய் வாங்கப் போயிருந்தான். பிரிக்காத பொட்டலம் ஒன்றைத் துர்சினியின் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "அவன் வந்தா ஏற விடாதே, கட்டிப்போட்டாவது வை" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

ஹெஸ்தி பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, முகம் வெளிறிப்போனது. எழுந்துபோய்க் கணினியில் அன்று எடுத்த படத்தைத் திறந்தாள்.

"இந்த மாதிரிப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கம்மா. நிறையப் பேர் கிட்ட பாத்துட்டேன். நெருப்ப மூடி வைக்கும், அணைக்காது. நரம்ப உள்ளுக்குள்ளயே உளுத்துப்போக வைக்கும். அன்னிக்கு நான் அவரோட குதிங்காலப் பாக்கல. இந்தப் பொடி போட்ட மூடியத்தான் பாத்திருக்கேன்." விரல் அந்தக் கறுப்புக் கோட்டில் போய் நின்றது. "இது தழும்பு இல்ல. கிழிசலாத்தான் இருக்கணும். இப்ப அவர் எங்க?"

ஜன்னலைப் பார்த்தேன். வெயில் சாய்ந்திருந்தது.

"ஏறுற நேரம்" என்றேன்.

"போங்க. ஏற விடாதீங்க. குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, அந்தக் கால ஊன்றித் தள்ளக் கூடாது. பொடியத் திடீர்னு நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. கையோட இங்க கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்."

வெளியே வந்து துர்சினிக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. பாகு பதத்துக்கு வருகிற நேரத்தில் அவள் கரண்டியை விடமாட்டாள், வீடே பற்றி எரிந்தாலும். வாடகை பைக்கில் ஏறி, "போ தம்பி, போ" என்று அந்த டிரைவரின் முதுகைக் குத்திக்கொண்டே வந்தேன். ஆண்டவனே, இன்னொரு முறை வேண்டாம். இந்த வீட்டில் இன்னொரு முறை வேண்டாம். வழியெல்லாம் அதையேதான் முனகினேன்.

சரிவுக்குக் கீழே பைக்கிலிருந்து இறங்கி மேலே ஏறத் தொடங்கினேன். பாதி வழியில் அந்தச் சத்தம் கேட்டது. டொக்கு. டொக்கு. உயரத்திலிருந்து வந்தது. துர்சினி சொல்லியிருப்பாள், அவனும் சரிங்க என்றிருப்பான்.

பள்ளத்து ஓரத்தில் நிற்கிற மரம்தான் இருப்பதிலேயே உயரம். அதன் உச்சியில் இருந்தான். அடியில் போய் நின்றேன். மேலே இருப்பவனைக் கீழே இருந்து கூப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்துவிடுவான். வாயைப் பொத்திக்கொண்டேன்.

இறங்கத் தொடங்கினான். குழாய்கள் நிறைந்து கனத்திருந்தன, முட்டும் சத்தம் மந்தமாக வந்தது. ஒரு கால் படியைத் தேடி இறங்கும், விரல்கள் பதியும், பின்னங்கால் நரம்பு கயிறு மாதிரி இழுபடும், பிறகு அடுத்த கால். தேய்த்துக் கழுவிய அந்த வலது குதிகால் இன்னும் பளபளவென்று இருந்தது. அதற்குள் இருந்த கறுப்புக் கோடு எனக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் அது அகலமாகிறது என்று தோன்றியது. நடுவில் ஒருமுறை சத்தம் நின்றது. என் உயிரும் நின்றது. அவன் இடுப்புக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மறுபடி இறங்கினான்.

கால் மண்ணில் பட்டதும் நான் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, மூடி, கிழிசல் எல்லாம். திட்டவும் செய்தேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பூசணிக்காய் முகம் சிவந்துபோனது. டாக்டரம்மாவை ஏமாற்றினதுபோல ஆகிவிட்டதே என்பதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

"இனிமே ஏற மாட்டேன்க்கா. சத்தியமா. வாங்க, இப்பவே போய் டாக்டரம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்" என்றான்.

'சரிங்க' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். முதல் தடவையாக முழு வாக்கியமாகச் சொன்னான். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறையே இறங்கியது. மரத்திலிருந்து தப்பிவிட்டான், இனி என்ன?

"குழாய வை. நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

"நல்லா இருக்கே! அக்காவத் தூக்க விட்டுட்டு நான் கைய வீசிட்டு நடந்தா ஊர் என்ன சொல்லும்?"

சிரித்துக்கொண்டே குழாய்களைக் காவடிக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றினான். பாதைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் உண்டு, கோழிக்குஞ்சுகூடத் தாண்டும். நான் எழுவதற்குள் அவன் வலது காலை ஊன்றி எம்பினான்.

பச்சை மூங்கிலைப் பிளந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழங்கால் குத்தி விழுந்தான். குழாய்கள் உருண்டு பதநீர் அவன்மேல் கொட்டியது. வலியில் கத்தவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பார்வையில் அப்படி ஒரு குழப்பம், அப்படி ஒரு வருத்தம்.

"ஏன்க்கா பின்னாலருந்து குதிங்கால்ல அடிச்சீங்க?" என்றான்.

நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மண்ணில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். "நான் உன்னத் தொடவே இல்ல தம்பி" என்றேன்.

அவன் நம்பவில்லை. ஆனாலும் மரியாதைக்கு, "சரிங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தக் காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான்.